செருப்புக்கு மாளிகை! தைத்தவனுக்கு?

கனடா தேசத்தில் டொராண்டோ என்னும் நகரத்தில் செருப்புக்கென்றே ஒரு மாளிகை கட்டி வைத்திருக்கிறார்கள். பாட்டா செருப்புக் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த சோன்யா பாட்டா அம்மையார் தேசம் தேசமாய்ச் சென்று சேர்த்த பாதரட்சைகளைக் கொண்டு அது 1995-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கட்டிடமே மூடி சற்றுத் திறந்த செருப்புப் பெட்டி போல அமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே 10,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள். பனிநாட்டார் அணியும் தோல் பூட்ஸும், சீன தேசத்துப் பெண்களின் காலை ஒடித்துக் கட்டி நுழைத்த சின்னஞ்சிறு பட்டுச் செருப்பும், கொட்டை உடைப்பதற்கென்று பிரெஞ்சு நாட்டுக் குடியானவர்கள் மாட்டிக்கொண்ட முள் செருப்பும், நம் நாட்டுப் பாதக்குறடும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஜனங்கள் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை வாத்தியார்கள் அழைத்துப்போய் இது எந்த ஊர்ச் செருப்பு, எதனால் செய்தது, யார் அணிந்தார்கள் என்று விளக்கிச் சொல்லுகிறார்கள்.

இந்தச் சங்கதியை நம்மூர் வைதீகர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "செருப்புக்கு ஒரு கண்காட்சியா? கலிகாலம்!" என்று காதைப் பொத்திக்கொள்ளுவார். வைதீகரை விடுங்கள். கதர்ச் சட்டையும் கைக்கடிகாரமும் போட்ட நம் ஆட்களே "வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆகவேதான் இதை எழுதத் துணிந்தோம். எந்தப் பொருளைப் பற்றிப் பேசினால் ஒரு தேசத்தாருக்குக் கூச்சம் வருகிறதோ, அந்தப் பொருளில்தான் அந்தத் தேசத்தின் உண்மைச் சரித்திரம் ஒளிந்துகொண்டிருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

செருப்பு என்றால் என்ன? முள்ளும் கல்லும் குத்தாமல், வெயில் சுடாமல், சேறு ஒட்டாமல் காலைக் காப்பாற்றுகிற ஒரு கருவி. குடை தலைக்கு, சட்டை உடம்புக்கு, செருப்பு காலுக்கு. இதில் இழிவு எங்கே இருக்கிறது? ஆர்மீனியா தேசத்துக் குகை ஒன்றில் ஏறக்குறைய 5,500 வருஷத்துக்கு முந்திய தோல் செருப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரே தோலை மடக்கி, வார் கோத்துக் கட்டியது. அமெரிக்காவில் ஓரிகன் என்ற பகுதியில் செடிப் பட்டையால் முடைந்த செருப்பு ஏறக்குறைய 10,000 வருஷப் பழமையுடையதாகக் கண்டிருக்கிறார்கள். மனுவும் பராசரரும் ஸ்மிருதி எழுதுவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே மனிதன் தன் காலைக் காத்துக்கொள்ள அறிவைச் செலவழித்திருக்கிறான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நம் பழைய தமிழ் நூல்களில் செருப்புக்குத் தொடுதோல் என்று பெயர். காலில் தொடுகின்ற தோல், அவ்வளவுதான். அந்தப் பெயரில் தீட்டும் இல்லை, திட்டும் இல்லை.

அப்படியானால் இழிவு எப்போது, எங்கிருந்து வந்தது? அதைக் காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. கடலூரையும் சிதம்பரத்தையும் பார்த்தாலே போதும்.

புலிக்கால் கேட்ட முனிவர்

சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். கடலூர்ப் பக்கத்துக்குத் திருப்பாதிரிப்புலியூர் என்று பெயர். இரண்டு புலியூருக்கும் ஸ்தல புராணம் சொல்லுகிற காரணம் வியாக்கிரபாதர், அதாவது புலிக்கால் முனிவர். இவர் விடியுமுன் எழுந்து, வண்டு தொடாத பூவைப் பறிக்கவேண்டுமாம். பனியில் மரம் வழுக்குகிறதாம். இருட்டில் வழி தெரியவில்லையாம். ஆகையால் சிவனிடம் தவங்கிடந்து புலியின் காலும் கையும் கண்ணும் வாங்கிக்கொண்டாராம்.

நாம் கேட்கின்றோம்: வழுக்காமல் மரம் ஏற ஒரு நல்ல வார்ச் செருப்பும், வழி தெரிய ஒரு பந்தமும் இருந்தால் போதாதா? ஊர்க்கோடியில் இருக்கும் தோல் தொழிலாளியிடம் போயிருந்தால் ஒரே நாளில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் முனிவர் அவனிடம் போகமாட்டார். தோலைத் தொட்டவனைத் தொடுவதைவிட, தாமே மிருகமாகிவிடுவது மேல் என்று தோன்றியிருக்கிறது! கதை கட்டினவர்களுடைய மனம் எப்படி வேலை செய்திருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

நிற்க. சிதம்பரத்தில் கும்பிடப்படுவது எது? தூக்கிய திருவடி. குஞ்சிதபாதம் என்று அதற்கு ஒரு வடமொழிப் பெயரும் உண்டு. வைணவக் கோயிலுக்குப் போனால் சடாரி என்று ஒன்றைத் தலையில் கவிழ்க்கிறார்கள். அதன்மேல் இருப்பது பெருமாளின் பாதம். இராமாயணத்தில் பரதன் சிம்மாசனத்தில் வைத்துப் பதினான்கு வருஷம் அரசு நடத்தியது இராமனின் பாதுகையைக்கொண்டு. ஸ்ரீரங்கத்துச் சாமியின் பாதுகையைப் பற்றி மாத்திரம் வேதாந்த தேசிகர் 1,008 சுலோகம் பாடி வைத்திருக்கிறார். சாமியின் கால் உயர்வு. சாமியின் செருப்பு அதைவிட உயர்வு. ஆனால் மனிதனின் கால்? ரிக்வேதத்துப் புருஷ சூக்தம் சூத்திரன் காலில் பிறந்தான் என்கிறது. அங்கே மட்டும் கால் என்றால் மட்டம்! ஒரே கால், சாமிக்கு இருந்தால் தலையில் வைக்கத் தகுந்தது. நமக்குப் பிறப்பிடம் என்று சொல்லும்போது தாழ்ந்தது. இது என்ன நியாயம் என்று நம் ஜனங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

எந்தத் தோல் புனிதம்?

"செருப்பு தோலால் ஆனது; தோல் அசுத்தம்; ஆகவே விலக்கு" என்று சாஸ்திரிகள் சமாதானம் சொல்லுவார்கள். சரி, தோல் அசுத்தமா என்று பார்ப்போம். சிவன் இடுப்பில் கட்டியிருப்பது புலித்தோல். மேலே போர்த்தியது யானைத்தோல். ரிஷிகள் உட்கார்ந்து தவம் செய்தது மான்தோல். கோயிலில் முழங்கும் முரசும் மத்தளமும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். தோல் அசுத்தமென்றால் முதலில் மத்தளத்தையல்லவோ கோயிலுக்கு வெளியே வைக்கவேண்டும்! ஆகவே இவர்கள் தள்ளி வைத்தது தோலை அல்ல. தோலைப் பதம் செய்த மனிதனை.

இதற்குச் சாட்சி சிதம்பரத்து நந்தனார் கதையே. பெரிய புராணம் எழுதிய சேக்கிழார் நந்தனாரின் தொண்டு இன்னதென்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத்தோலும், இழுத்துக் கட்டும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போய் மூலஸ்தானத்துக்குப் பக்கத்தில் முழங்குகிறது. அவர் மட்டும் ஊருக்கு வெளியே நிற்கிறார். திருப்புன்கூரில் கல் நந்தி விலகி வழிவிட்டதாம். கல் மாட்டுக்கு இருந்த இரக்கம் மனிதருக்கு இல்லை என்பதைக் கதை எழுதினவரே ஒப்புக்கொண்ட மாதிரிதானே இது?

முடிவில் என்ன நடந்தது? தீ மூட்டி, அதில் இறங்கி, பழைய உடம்பு போய், பூணூலும் சடையும் உள்ள முனிவராக எழுந்த பிறகுதான் தில்லைக்குள் போகமுடிந்தது என்கிறார்கள். அதாவது, தோல் தொழிலாளி தோல் தொழிலாளியாகவே உள்ளே போகவில்லை. அவன் செத்துப் பார்ப்பானாக மாறிப் போனான். இதைப் "பக்தியின் வெற்றி" என்று நூற்றாண்டுகளாய்ப் பாட்டும் பஜனையும் நாடகமும் சினிமாவுமாய்க் கொண்டாடி வந்திருக்கிறார்கள். வெற்றி யாருக்கு?

இன்னொரு சமாதானமும் வரும்: "கண்ணப்ப நாயனாரைப் பாருங்கள். வேடன், செருப்புக்காலாலேயே சிவனின் தலைமேலிருந்த பூவைத் தள்ளினான், செருப்புக்காலையே கண்ணில் ஊன்றினான், சிவன் ஏற்றுக்கொள்ளவில்லையா? எங்கள் மதத்தில் அன்புதான் பெரிது." நன்று. கதையில் ஏற்றுக்கொண்டார். இன்று கண்ணப்பன் அதே செருப்போடு ஒரு சிவன் கோயில் வாசலுக்கு வந்தால் உள்ளே விடுவார்களா? செருப்பைக் கழற்றி வைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு வா என்பார்கள். மேலும் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணப்பனிடம் பரீட்சைக்கு வாங்கியது கண்ணை. நந்தனிடம் வாங்கியது உடம்பை. பரதனிடம் கேட்டது பாதுகையைத் தலையில் சுமப்பதை மாத்திரமே. பரீட்சை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கேள்வித்தாள் ஜாதிக்கு ஒன்று!

கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்தையெல்லாம் காக்கிறவரைப் பார்க்கப் போகிறவன், தன் செருப்பைக் காக்க ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்த இடத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். பக்தனின் உள்ளத்தில் நம்பிக்கை எவ்வளவு இருக்கிறது என்பதை அவன் கையில் இருக்கும் அந்த டோக்கனே சொல்லிவிடுகிறதே!

கடலூரில் விழுந்த செருப்பு

இனிக் கடலூருக்கு வருவோம். 1944-ஆம் ஆண்டில் பெரியார் கடலூரில் பேசிவிட்டு ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது, கெடிலம் ஆற்றுப் பாலத்துப் பக்கம் இருட்டில் ஒருவன் அவர்மேல் ஒரு செருப்பை வீசினான். ரிக்ஷா சற்றுத்தூரம் போனபின் அவர் வண்டியைத் திருப்பச் சொன்னார். திரும்பி வந்ததும் இன்னொரு செருப்பும் வந்து விழுந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒற்றைச் செருப்பு எறிந்தவனுக்கும் உபயோகமில்லை, வாங்கினவனுக்கும் உபயோகமில்லை. ஜோடியாக இருந்தால் யாருக்காவது உதவும். இதுதான் அவர் போட்ட கணக்கு. பிறகு அந்த இடத்தருகிலேயே அவருக்குச் சிலை எழுந்தது. 1972-இல் முதலமைச்சராயிருந்த கலைஞர் மு.கருணாநிதி அதைத் திறந்து வைத்தார்.

இதை நம் தோழர்கள் பொறுமைக்கும் துணிச்சலுக்கும் உதாரணமாக மேடைதோறும் சொல்லுகிறார்கள். சரிதான். ஆனால் நமக்கு அதில் இன்னொரு பாடம் பெரியதாகத் தோன்றுகிறது. எறிந்தவன் கல்லை எறியவில்லை, செருப்பை எறிந்தான். ஏன்? கல் பட்டால் காயம். செருப்பு பட்டால் "மானபங்கம்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த மானபங்கம் செருப்புக்குள் இருக்கிறதா? இல்லை. பார்க்கிறவன் மனத்துக்குள் இருக்கிறது. அதை அங்கே வைத்தது யார்? தோல் அறுக்கிறவன் வீட்டுச் சோற்றை உண்டால் புகழ் போய்விடும் என்று நாலாம் அத்தியாயத்தில் எழுதி வைத்த மனு. அந்தத் தொழிலாளி இழிந்தவன். ஆகவே அவன் செய்த பொருள் இழிந்தது. ஆகவே அந்தப் பொருள் மேலே பட்டவனும் இழிந்தவன். இந்த மூன்று படியையும் ஒப்புக்கொண்டவனுக்குத்தான் செருப்படி அவமானம். ஒப்புக்கொள்ளாதவனுக்கு அது வெறும் தோல். இரண்டு சேர்ந்தால் ஒரு ஜோடி. அன்றிரவு பெரியார் மனுதர்மத்தின் ஒரு சுலோகத்தை மேடையில்லாமல், ஒலிபெருக்கியில்லாமல், நடுரோட்டில் ரத்து செய்துவிட்டுப் போனார் என்பதே நமது கருத்து.

ஆனால், தோழர்களே! கோபம் வந்தால் "செருப்பால் அடிப்பேன்" என்று சொல்லும் வழக்கத்தை நாம் எத்தனை பேர் விட்டிருக்கிறோம்? கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னாலும், அதன் பொருள் மனுவின் பொருள்தானே? வாயில் பகுத்தறிவும் வசவில் வருணாசிரமமும் வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது?

நம்மவர் போட்ட கட்டளை

இவ்வளவும் பார்ப்பனர்மேல் சுமத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடருக்கு எட்டுக் கட்டளைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி நகை போடக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, கிராப்பு வைக்கக்கூடாது, வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு கூடாது, பெண்கள் மார்புக்குத் துணி போடக்கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது, கடைசியாக, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலுக்குச் செருப்பு அணியக்கூடாது. 1931-இல் ஜனக்கணக்கு எடுத்த ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதைத் தமது நூலில் பதிந்து வைத்திருக்கிறார். இதை விதித்தவர்கள் பூணூல் போட்டவர்கள் அல்ல. "சூத்திரன் என்று நம்மைச் சொல்லாதே" என்று சொல்லத்தக்க பார்ப்பனரல்லாத ஜாதியார்தான்! தன்னை இழிவுபடுத்துகிறவன் காலைப் பிடித்துக்கொண்டே, தனக்குக் கீழே ஒரு காலைத் தேடி அதன் செருப்பைக் கழற்றச் சொல்லுகிற புத்தி இது. இந்தப் புத்தியை நாம் மறைத்துப் பேசினால் நமது பிரச்சாரம் அரைப் பிரச்சாரமே.

"அதெல்லாம் பழங்கதை. இன்று சந்தைக்குச் சந்தை ரப்பர் செருப்புக் குவியலாய் விற்கிறது. யார் தடுக்கிறார்கள்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லுகிறோம். 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்கென்று ஒரு சட்டம். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இவ்வளவுக்கும் பிறகு, 2015-இல் பார்லிமெண்டு அந்தச் சட்டத்தைத் திருத்தி, தாழ்த்தப்பட்டவர்கள் பொது இடத்தில் செருப்பு அணிந்து நடப்பதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாக எழுதவேண்டியதாயிற்று. அது 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்தது. தடுக்கிறவன் ஒருவனும் இல்லையென்றால் சட்டத்தில் செருப்புக்கு என்ன வேலை?

இன்னும் கேளுங்கள். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் இராஜாவூரில், ஒரு குறிப்பிட்ட தெருவில் செருப்போடு நடக்கக்கூடாது என்றிருந்த வழக்கத்தை மீறி, தாழ்த்தப்பட்ட மக்கள் ஏறக்குறைய 60 பேர் செருப்பு அணிந்து நடந்தார்கள். ஆகாயத்தில் சந்திரனுக்குக் கலம் அனுப்பி இறக்கிய அதே 2023-இல், பூமியில் ஒரு தெருவைக் கடக்க ஊர்வலம் வேண்டியிருந்தது! சிதம்பரத்துப் பக்கமே, 2020-இல் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தாழ்த்தப்பட்ட பெண்மணியைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த செய்தியும் படமும் நாடெங்கும் சிரித்தது. நாற்காலி வேறு, செருப்பு வேறு என்று நினைக்கவேண்டாம். தரையைவிட்டு ஓர் அங்குலமும் உயரக்கூடாது என்பதே இரண்டிலும் உள்ள சட்டம்.

வெறுங்காலின் விலை

செருப்பைத் தடுத்தவர்கள் மானத்தை மட்டும் பறித்தார்கள் என்று எண்ணக்கூடாது, இரத்தத்தையும் பறித்தார்கள். கொக்கிப்புழு என்று ஒரு கிருமி உண்டு. நோயாளியின் மலத்தோடு அதன் முட்டை மண்ணில் விழுகிறது. ஈர மண்ணில் குஞ்சு பொரித்து, அதன்மேல் மிதிக்கும் வெறுங்காலின் விரலிடுக்குத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, குடலில் தொங்கிக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிக்கிறது. மனிதன் வெளுத்து, சோர்ந்து, உழைக்க மாட்டாதவனாகிறான். "இந்த ஜாதியே சோம்பேறி ஜாதி" என்று மிராசுதார் சொன்னானே, அந்தச் சோம்பலில் எவ்வளவு பங்கு கொக்கிப்புழுவினுடையது, அந்தக் கொக்கிப்புழுவில் எவ்வளவு பங்கு மிராசுதாரின் கட்டளையினுடையது என்று எந்தப் புராணிகர் கணக்குப் பார்த்தார்? கக்கூசும் செருப்பும் கொடுத்தால் தீருகிற வியாதிக்கு முன்ஜென்ம பாவம் என்று பெயர் வைத்தவர்கள் அல்லவா இவர்கள்!

மாறாக, அறிவைச் செலுத்தினவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். பெருவியாதிக்காரருக்குக் கால் உணர்ச்சியற்றுப் போவதால், முள் குத்தினாலும் தெரியாமல் நடந்து, புண் முற்றி, காலே போய்விடும். அதைச் சாபம் என்றார்கள் நம் பெரியோர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட் என்பவரும் அவர் கூட்டாளிகளும், காலின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தாமல் பரவும்படி நுண்துளையுள்ள மெத்தென்ற ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்து, அந்தக் கால்களைக் காப்பாற்ற வழி கண்டார்கள். புலித்தோலில் உட்கார்ந்து ஆயிரம் வருஷம் ஜபித்தவர்கள் காக்காத காலை, ஒரு துண்டு ரப்பர் காத்தது. திருவடி தீட்சை எது என்று இப்போது சொல்லுங்கள்.

தொழிலின் கதையும் அப்படியே. பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதம் போடுகிற வித்தை சாமானியமானதல்ல. அது இரசாயன சாஸ்திரம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் கடல் கடந்து போய் வெள்ளைக்காரன் காலில் ஏறிற்று. சென்னையில் 1948-இல் தோல் ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் நிலையம் ஏற்பட்டது. இந்த வித்தையை வயிற்றுப்பாட்டிலேயே கற்றவனுக்குப் பள்ளிக்கூடத்தை மூடினோம். ஜாதிப் பெயரை வசவாக்கினோம். அமெரிக்காவில் என்ன நடந்தது? யான் மாட்செலிகர் என்ற கறுப்பர், செருப்புப் பட்டறைத் தொழிலாளி. மேல்தோலை அச்சில் இழுத்து அட்டையோடு பிணைக்கும் கஷ்டமான வேலைக்கு 1883-இல் ஓர் இயந்திரம் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். தேர்ந்த கைத்தொழிலாளி ஒரு நாளில் 50 ஜோடி முடித்தால், அது 150 ஜோடிக்குமேல் முடித்தது. செருப்பின் விலை இறங்கி ஏழையின் காலுக்கும் எட்டிற்று. அந்த நாட்டிலும் நிறபேதக் கொடுமை உண்டு, நாம் மறைக்கவில்லை. ஆனாலும் தோல் தைக்கிறவன் மூளையில் இயந்திரம் பிறக்கும் என்பதற்கு அவர் சாட்சி. நம் நாட்டில் எத்தனை மாட்செலிகர்கள் சேரிக்குள்ளேயே பிறந்து சேரிக்குள்ளேயே புதைந்தார்கள்!

அவர்கள் புதைந்து போகாதிருக்க வழி தீக்குழி அல்ல, பள்ளிக்கூடம். இதற்கும் சிதம்பரமே சாட்சி. சுவாமி சகஜானந்தர் அங்கே 1916-இல் நந்தனார் பெயரால் ஒரு கல்விச்சாலை தொடங்கினார். அவர் காவி கட்டியவர். நமக்கும் அவருக்கும் கொள்கையில் தூரம் உண்டு. ஆனால் நந்தன் பெயரால் அவர் திறந்தது நெருப்பு அல்ல, படிப்பு. புராணத்து நந்தனார் ஒருவர்தான் தில்லைக்குள் போனார். அதுவும் திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடத்து நந்தன்களோ தலைமுறை தலைமுறையாய் வெளியே வந்து உத்தியோகத்துக்கும் சட்டசபைக்கும் போனார்கள். எது பெரிய அற்புதம்? அருந்ததிய மக்களுக்குத் தமிழ்நாடு அரசு 2009-இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்ததும், அத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இந்த வழியில் வந்தவைதான்.

நாம் கேட்பது

கடலூரில் அரசு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ஐம்பொன் சிலையும், கல்வெட்டும், பழங்காசும், ராஜாக்களின் வாளும் எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் உண்டு. அந்த வாளை ஏந்தினவன் காலில் என்ன இருந்தது, அதை யார் தைத்தார்கள், தைத்தவன் அதை அணிய முடிந்ததா என்று சொல்லும் ஓர் அலமாரி எங்கே இருக்கிறது? டொராண்டோவில் செருப்புக்கு மாளிகை இருக்குமானால், கடலூரில் ஓர் அறை இருக்கக்கூடாதா? 1944-இல் செருப்பு விழுந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் எது?

அந்த அறையில் என்ன வைப்பது? வைதீகரின் பாதக்குறடும், உழவனின் டயர்ச் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். கருப்பசாமிக்குக் காணிக்கையாகும் ஆணிச் செருப்பு இருக்கட்டும். சாமிக்குச் செருப்புக் கொடுத்தவனின் கால் ஏன் வெறுங்காலாயிருந்தது என்று அதன் கீழே எழுதட்டும். பாபநாசத்து மலையில் முத்துப்பட்டன் என்ற பார்ப்பன வாலிபன் சக்கிலியப் பெண்களை மணக்கப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்ற கதை நம் நாட்டுப்புறப் பாட்டில் இருக்கிறது. அந்தக் கதையை நந்தன் கதைக்கு எதிரே எழுதி வைக்கட்டும். ஒருவன் மேலே போக எரியவேண்டியிருந்தது. மற்றவன் மனிதனாகக் கீழே இறங்கி வந்தான். பிள்ளைகள் இரண்டையும் படித்து எது யோக்கியமான கதை என்று தீர்மானிக்கட்டும். 1930-ஆம் ஆண்டுக் கட்டளைகள் எட்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். குத்தூசியும், தோல் அறுக்கும் உளியும், மெழுகு நூலும் ராஜாவின் வாளுக்குச் சமமான கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும். தோல் தொழிலால் பாலாற்றங்கரை கெட்டதும், 1996-இல் உச்சநீதிமன்றம் வேலூர் வழக்கில் கண்டித்ததும், அந்தக் கழிவில் நின்று உழைத்தவன் கால் என்னவாயிற்று என்பதும் மறைக்கப்படாமல் இருக்கட்டும்.

"இதற்கு ஏன் சர்க்கார் பணம்?" என்று கேட்பவர்கள், தேரோட்டத்துக்கும் குடமுழுக்குக்கும் தெருவை அடைத்துப் போலீசை நிறுத்தும் செலவு யார் பணம் என்று முதலில் சொல்லிவிட்டு வரட்டும்.

சர்க்கார் செய்கிறவரை நாம் காத்திருக்கவேண்டியதில்லை. நம்மாலாகிற காரியம் நாலு உண்டு. ஒன்று, "செருப்பால் அடிப்பேன்" என்ற வார்த்தையை இன்றோடு நம் வாயிலிருந்து ஒழிப்பது. இரண்டு, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து செருப்புத் தைப்பவரிடம், காலால் செருப்பைத் தள்ளாமல், குனிந்து கையால் எடுத்துக் கொடுத்து, "நீ" போய் "நீங்கள்" என்று பேசுவது. மூன்று, அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்புப் படிக்கிறது என்று விசாரித்து, நின்று போயிருந்தால் திரும்பச் சேர்ப்பது. நான்கு, எந்த ஊரிலாவது எந்தத் தெருவிலாவது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற மனிதன் ஒருவனைக் கண்டால், அவனோடு சேர்ந்து, செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு, அந்தத் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடப்பது. தடுத்தால் 2015-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி புகார் எழுதிக் கொடுப்பது.

முதல் மூன்றுக்கும் காசு செலவில்லை. நாலாவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அது இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல் தங்கள் ஊரிலேயே துவக்கலாம்.